லங்சாட் டீச்சரின் குரல்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலையில் லோகேஸ்வரி தன் அம்மாவுக்குக் கலக்கிக் கொடுத்த தேநீரில் சீனி இரண்டு முறை விழுந்திருந்தது.

"என்னாடி இது, பாயாசமா?" நவமணி கோப்பையைத் தள்ளி வைத்தார். "ரொட்டி வாங்கப் போன மாப்ள வரட்டும், அவருக்கே குடுத்துடு. லோரி ஓட்டுற மனுசனுக்கு இனிப்பு வேணும்."

"இன்னிக்கு எனக்கு வகுப்பு இருக்கும்மா. அந்த நெனப்புல போட்டுட்டேன்."

"சனிக்கிழமையில என்னா வகுப்பு?"

"டீச்சருங்களுக்கு டீச்சருங்களே எடுக்கிறது. கம்ப்யூட்டர்ல. போன வாரமே சொன்னேனே."

"ஓ, அந்தப் பழக்கூடையா?"

அம்மா அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் அது. தப்பென்று சொல்ல முடியாது.

கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பள்ளிகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது தொடங்கியது அந்த டெலிகிராம் குழு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வு நாளில் சும்மாவே சொல்லித் தருபவர்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். புதிதில் ஒரு டீச்சர், தன் பிள்ளைகளுக்கு வகுத்தலை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் தவிப்பதாக மனம்விட்டு எழுதினார். யாரோ அதைப் படமெடுக்க, அது வாட்ஸ்அப் புலனத்தில் சுற்றிச் சுற்றி அவருடைய தலைமையாசிரியரிடமே போய்ச் சேர்ந்தது. அன்றோடு அந்த டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. சொந்தப் பெயர் கூடாது, பள்ளியின் பெயர் கூடாது, பதவி கூடாது. ஆளுக்கு ஒரு பழத்தின் பெயர். ஒருவரை ஒருவர் 'நீங்கள் யார்' என்று கேட்கவே கூடாது, கேட்டால் வெளியே. சட்டம் போட்டவர் டுரியான் சார். அவர்தான் நிர்வாகி. புக்கிட் பெலிம்பிங்கில் குடியிருந்த லோகேஸ்வரி அதிகம் யோசிக்காமல், ஊர்ப் பெயரிலேயே இருந்த நட்சத்திரப் பழத்தை எடுத்துக்கொண்டு பெலிம்பிங் டீச்சர் ஆனாள்.

அவள் வேலை பார்ப்பது செம்பனைக்கு நடுவே இருக்கும் சின்னப் பள்ளி. நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே கரும்பலகையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்திருக்கும். கணிதத்துக்கு அவள் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் சுவரைத்தான் கேட்க வேண்டும். இந்தக் குழு வந்த பிறகு சுவர் பேச ஆரம்பித்துவிட்டது. ஓய்வு நேரத்தில் கேள்வியைப் போட்டால் மணி அடிப்பதற்குள் கூலிமிலிருந்து ஒருவர் படம் வரைந்து அனுப்பியிருப்பார். ஜொகூரிலிருந்து இன்னொருவர், 'இதை நானும் செஞ்சு பார்த்து மண்ணைக் கவ்வினேன், வேணாம்' என்று எழுதியிருப்பார்.

அவர்களில் லங்சாட் மட்டும் தனி ரகம். இந்த வருஷத் தொடக்கத்தில் சேர்ந்த ஆள். வளவளப்பே கிடையாது. 'சோளி வேண்டாம். தீக்குச்சி கொடுங்கள். கட்டிப் பழகட்டும்.' இப்படித்தான் பதில் வரும். குரல் பதிவு அனுப்பியதே இல்லை, எல்லாம் எழுத்துதான். அந்தக் கறாரைப் பார்த்து, ஆண்பிள்ளை என்றே முடிவு செய்து, 'நன்றி சார், சரி சார்' என்று மாதக்கணக்கில் பணிந்துகொண்டிருந்தாள் லோகேஸ்வரி. ஒருநாள் இரண்டே சொல்லில் பதில் வந்தது.

'சார் இல்லை.'

அன்றைக்குத் தனியாகச் சிரித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்ததும் லங்சாட் ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஏன் அப்படித் தேடுகிறோம் என்பது போன வாரம் வரையில் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் லங்சாட் ஒரு படம் அனுப்பினாள். சேர்த்தல் கணக்கில் மேலே ஏற்றும் 'ஒன்றை' மறந்துவிடும் பிள்ளைகளுக்காக வரைந்தது. பத்துகளின் தலைக்கு மேல் எண்ணுக்குப் பதிலாக ஒரு குட்டிப் பெண். இரட்டைச் சடை. கீழே இருக்கும் எண்ணின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தொங்கிய கால்களில் ஒன்றில்தான் சிலிப்பர் இருந்தது.

கடல் பொங்கும் நாளில் தோட்டத்துக் கால்வாய் தடம் தெரியாமல் நிறைந்துவிடும். தங்கை லோகேஸ்வரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கால்வாயைத் தாண்டிப் பள்ளிக்குப் போனவள் அக்கா அன்பரசி. ஒருநாள் தங்கையின் ஒற்றைச் சிலிப்பர் தண்ணீரோடு போய்விட்டது. அன்று மாலை வீட்டுப்பாடம் செய்யும்போது அழுதுகொண்டிருந்த தங்கையைச் சிரிக்க வைக்க, மேலே ஏற்றும் ஒன்றுக்குப் பதிலாக அந்தக் குட்டியை வரைந்து காட்டினாள் அக்கா. இந்த உலகத்தில் அப்படி வரையக்கூடியவர் இன்னொருவர் இருக்க முடியாது.

அன்பரசி பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதே உதுமானைக் கட்டிக்கொண்டு மார்க்கம் மாறிப் போனவள். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்பா சுப்பிரமணியம் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார், யாரும் எடுக்கவில்லை. அவர் கண்ணை மூடுமுன் பக்கத்தில் இருந்தது மாப்பிள்ளை திருச்செல்வம்தான். அவன் கையைப் பிடித்து, "அவ இந்த வாசல்ல வந்து நிக்கக் கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார்.

அக்கா விட்ட இடத்தில் தங்கை படித்தாள், தங்கை ஆசிரியை ஆனாள். ஆசிரியர் அறையில் மூத்தவர்களை எல்லாரும் 'அக்கா, அக்கா' என்பார்கள். லோகேஸ்வரி மட்டும் எல்லாரையும் 'டீச்சர்' என்பாள். மரியாதை தெரிந்த பெண் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தச் சொல்லை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வராமல்தான் அப்படி என்று யாருக்குத் தெரியும்?

ரோட்டி சானாய் பொட்டலத்தோடு திருச்செல்வம் வந்தான். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, வாசல் கொட்டகையில் லோரிக்குப் பக்கத்தில் நின்றவனிடம் கைப்பேசியை நீட்டினாள்.

"ஏங்க, இதைப் பாருங்க."

"சின்னப் பிள்ளை படம். நல்லாத்தான் இருக்கு. நீ வரைஞ்சதா?"

"காலைப் பாருங்க."

"ஒரு சிலிப்பரைக் காணோம். அதுக்கு?"

"அக்காங்க. எங்க அக்கா."

திருச்செல்வம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். சட்டைப் பையில் எதையோ தேடுகிறவன்போல் கையை விட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே இழுத்தான்.

"லோகா, நாட்டுல எத்தனை பிள்ளைங்க சிலிப்பரைத் தொலைக்குது. ஒரு படத்தை வச்சு ஆளைச் சொல்லிட முடியுமா லா?"

"எனக்குத் தெரியும்."

"சரி, அக்காவாவே இருக்கட்டும். மாமா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"அப்பா சொன்னது உங்ககிட்ட. என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"அத்தை உடம்பை நெனச்சுப் பாரு. போன வருசம்தான் நெஞ்சு அடைப்புன்னு ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தாங்க. இப்பப் போயி இதைக் கிளறணுமா?"

"அம்மாகிட்ட நான் மூச்சு விட மாட்டேன். குரலை மட்டும் ஒரே ஒரு தடவ கேக்கணும்."

"கேட்டு?"

கேட்டு என்ன செய்வது? பசிக்கிறவனிடம் 'சாப்பிட்டு?' என்று கேட்டால் என்ன சொல்வான்? அவள் உள்ளே போய்விட்டாள். திருச்செல்வம் லோரியின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பேனரோடு குனிந்தான். நல்ல மனிதன். இந்த வகுப்புக்காக நேற்றுதான் வெள்ளைப் பலகையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக் கொடுத்திருந்தான்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒருவர் பாடம் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் பிள்ளைகள். சும்மா தலையாட்டும் பிள்ளைகள் அல்ல. தங்கள் வகுப்பில் பிள்ளைகள் என்னென்ன தப்புச் செய்கிறார்களோ அதே தப்பை இங்கே செய்ய வேண்டும், நடத்துகிறவர் அதைத் திருத்திக் காட்ட வேண்டும். யாருக்கு எந்தத் தப்பு என்று நடத்துகிறவரே முன்கூட்டிப் பங்கு போட்டு அனுப்பிவிடுவார். கேமரா நடத்துகிறவருக்கு மட்டும், அதுவும் முகத்துக்கு அல்ல, பலகைக்கு. மற்றவர்கள் குரல்தான்.

லங்சாட் இதுவரை எந்த வகுப்பிலும் குரல் கொடுத்ததில்லை. வருவாள், எழுத்தில் பதில் போடுவாள், போவாள்.

நேற்று லோகேஸ்வரி தப்புகளைப் பங்கு போட்டபோது லங்சாட்டுக்கு இதை அனுப்பினாள்: 'மேலே ஏற்ற மறக்கும் பிள்ளை.' பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்டால் லோகேஸ்வரி வெளியே போவது ஒரு பக்கம், லங்சாட் பயந்து ஓடிவிடுவாளே என்பது பெரிய பயம். இருபது வருஷம் கழித்துக் கிடைத்த நூல். இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு டீச்சர் தன் வகுப்புப் பிள்ளையை எழுப்பி விடை கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

பத்து மணிக்கு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பலகைக்கும் மேசைக்கும் நடக்க வேண்டியிருந்ததால் காதில் ஒன்றும் மாட்டவில்லை, சத்தத்தை முழுதும் ஏற்றினாள். அடுப்படியில் அம்மா கெராங் சிப்பிகளைச் சட்டியில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். ஓடுகள் கலகலவென்று உருண்டன.

"வணக்கம், வணக்கம்," என்றது டுரியான் சாரின் குரல். "எல்லாரும் பெரியவங்களா இருந்தது போதும். இந்த நிமிசத்துலேர்ந்து எல்லாருக்கும் பத்து வயசு. பெலிம்பிங் டீச்சர், உங்க பாடு."

"வ...ண...க்கம், டீ...ச்சர்!" முப்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ராகம் போட்டு இழுத்தார்கள்.

"வணக்கம். உட்காருங்க."

"நன்...றி, டீ...ச்சர்!"

"டீச்சர், டுரியான் என் பென்சிலை எடுத்துட்டான்!" இது ரம்புத்தான் டீச்சர். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது என்று அவரே ஒருநாள் வாய் தவறிச் சொன்னவர்.

"பொய் டீச்சர்! இவதான் என்னைக் கிள்ளுனா!"

"டீச்சர், தண்டாஸ் போவணும்."

"இப்பத்தானே போயிட்டு வந்த, சிக்கு?"

"அது நேத்து டீச்சர்."

லோகேஸ்வரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் நாற்பத்தெட்டும் முப்பத்தேழும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

"ரம்புத்தான், விடை என்ன?"

"எழுநூத்துப் பதினஞ்சு, டீச்சர்."

"எப்படி?"

"நாலும் மூணும் ஏழு, எழுதிட்டேன். எட்டும் ஏழும் பதினஞ்சு, அதையும் பக்கத்துல எழுதிட்டேன். இடம் இருந்துச்சு டீச்சர்."

"சரி. உங்க வீட்டுல நாப்பத்தெட்டுக் கோழி இருக்கு. அப்பா இன்னும் முப்பத்தேழு வாங்கிட்டு வர்றாரு. எழுநூறு ஆயிடுமா?"

"ஆனா அப்பா சந்தோசப்படுவாரு, டீச்சர்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கேமராவுக்கு நேரே பிடித்து, ரம்புத்தானின் தப்பைத் திருத்தினாள். கை தன் வேலையைச் செய்தது. மனம் திரையின் ஓரத்தில், 'லங்சாட்' என்று எழுதியிருந்த கறுப்புக் கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தின் மூலையில் மைக் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

"அடுத்து..." தீக்குச்சிக் கட்டை மேசையில் வைத்தாள். "லங்சாட். எழுந்திரு. நீ என்ன விடை போட்டிருக்க?"

எழுத்துப் பகுதியில் ஒரு வரி முளைத்தது.

'எழுதிக் காட்டுகிறேன் டீச்சர்.'

இது அவளுடைய வழக்கம் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'சரி' என்று விட்டிருந்தால் வகுப்பு நல்லபடியாக முடிந்திருக்கும். இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு கறுப்புக் கட்டம்.

"என் வகுப்பில எழுதிக் காட்டக் கூடாது," என்றாள் லோகேஸ்வரி. "வாயாலதான் சொல்லணும். தப்பா இருந்தாலும் சொல்லு. எவ்ளோ பெரிய தப்பா இருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

திரையில் ஒரு கட்டம் மறைந்தது. பதறிப்போய்ப் பார்த்தாள். போனது சிக்கு. தொடர்பு அறுந்திருக்கும். லங்சாட் அங்கேயே இருந்தாள்.

சிவப்புக் கோடு போய்விட்டிருந்தது.

"எழுவத்தஞ்சு, டீச்சர்."

கொஞ்சம் தடித்த குரல். பல வருஷம் சத்தம் போட்டுப் பாடம் நடத்தித் தேய்ந்த குரல். ஆனால் சொல்லை முடிக்கும் இடத்தில் அது மெல்ல மேலே ஏறியது. 'லோகா' என்று கூப்பிடும்போது ஏறுமே, அப்படி. லோகேஸ்வரி பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கையிலிருந்த பேனா எந்த நிறம் என்றுகூட அந்தக் கணம் தெரியவில்லை.

"எப்... எப்படி வந்துச்சு?"

"எட்டும் ஏழும் பதினஞ்சு. அஞ்சை எழுதினேன். நாலும் மூணும் ஏழு. அதை எழுதினேன்."

"பதினஞ்சுல ஒரு பத்து இருந்துச்சே?"

"விட்டுட்டேன், டீச்சர்."

அப்போதுதான் வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது லோகேஸ்வரிக்கு உறைத்தது. அடுப்படியில் சிப்பிகளின் கலகலப்பு நின்றுபோயிருந்தது.

நவமணி அடுப்படி வாசலில் நின்றார். முழங்கை வரை சேறு. மடிக்கணினியைப் பார்க்கவில்லை, அதன் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். லோகேஸ்வரி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. நடந்து வந்து, நாற்காலியை இழுத்து, கேமராவுக்கு நேரே உட்கார்ந்தார்.

"டீச்சர்! புதுசா ஒரு புள்ள வந்திருக்கு டீச்சர்!" என்றார் டுரியான் சார். "பேரு என்னா, எந்த ஸ்கூலு?"

எல்லாரும் சிரித்தார்கள். நவமணி சிரிக்கவில்லை.

"இந்தக் கணக்கு எனக்கு வெளங்கல," என்றார் மகளைப் பார்த்து. "அந்தப் புள்ளய இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

லங்சாட்டின் கட்டத்தில் சிவப்புக் கோடு விழுந்தது, போனது, மறுபடி விழுந்தது.

"லங்சாட்... புதுப் பிள்ளைக்கு வெளங்கலையாம். முதல்லேர்ந்து சொல்லு."

சிவப்புக் கோடு போனது. யாரோ மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"முதல்ல... ஒன்றுகளைப் பார்க்கணும். எட்டு. அதோட ஏழு. பதினஞ்சு வரும்."

"ம்."

"அதுல அஞ்சைக் கீழ எழுதணும். ஒரு பத்து மிஞ்சும். அதை... அதைப் பத்துகளோட சேர்த்துக்கணும். நாலு, மூணு, அதோட ஒண்ணு. எட்டு. எண்பத்தஞ்சு."

நவமணி தலையைக் குனிந்து மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வெளங்கல."

"அம்மா, நான் வேணும்னா தீக்குச்சி வச்சு..." ரம்புத்தான் டீச்சர் உதவிக்கு வந்தார்.

"ரம்புத்தான், நீ சும்மா இரு," என்றார் டுரியான் சார். அது பத்து வயதுப் பையனின் குரல் அல்ல. அவருடைய மைக் அணைந்தது. ரம்புத்தானுடையதும் அணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக, திறந்திருந்த எல்லாமே அணைந்தன. முப்பதுக்கு மேற்பட்ட கறுப்புக் கட்டங்களும் தலைகுனிந்து நிற்பதுபோல் இருந்தது.

லங்சாட் மறுபடியும் சொன்னாள். இந்த முறை இன்னும் மெதுவாக. எட்டு என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றாள், ஏழு என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நின்றாள். கணக்கு முடிந்துவிட்டால் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது என்று பயந்தவள்போல் அதை இழுத்து இழுத்து வைத்தாள். ஆனாலும் சின்னக் கணக்குதானே, முடிந்துவிட்டது.

"இன்னும் வெளங்கல," என்றார் நவமணி.

தோட்டத்தில் வேலை செய்த நாளில் பழக்குலைகளின் கணக்கை மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கு முன்பே மனத்தில் கூட்டி வைத்திருப்பார் அவர். லோகேஸ்வரிக்கு அது தெரியும். அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் தெரியும்.

"டீச்சர்," என்றது குரல். "கம்ப்யூட்டர்ல சொன்னா அவங்களுக்கு வெளங்காது போல இருக்கு. நான் நேர்ல வந்து சொல்லித் தரட்டுங்களா?"

லோகேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். இருபது வருஷத்து வீடு, அப்பாவின் வாக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அந்த மேசைமீது வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. வெளியே ஸ்பேனர் இரும்பில் பட்டு டக்டக்கென்று சத்தம் வந்தது.

நவமணி விரலில் இருந்த சேற்றை மற்ற விரலால் தேய்த்தார்.

"ரோடு மாறிப்போச்சுன்னு சொல்லு," என்றார் மகளிடம். "தோட்டத்து முன்பக்கம் முழுக்க புது வீடா கட்டிட்டான். பாலத்தையும் தள்ளிப் போட்டுட்டான். அவளுக்கு வழி தெரியாது."

இருபது வருஷமாக இந்த வீட்டில் 'அவள்' என்று யாரையும் சொல்லாமலே பேசக் கற்றுக்கொண்டிருந்த வாய் அது. லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் பக்கம் குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது.

"வழி தெரியும்மா."

டீச்சரும் இல்லை, பிள்ளையும் இல்லை. விளையாட்டு முடிந்துவிட்டது.

"போன தீபாவளிக்கு மொத நாளு வந்தேன். அவரு ரவாங்லேர்ந்து காடியில கொண்டாந்து விட்டாரு. நான் மட்டும் இறங்கி வந்தேன். வாசல் கேட்டு வரைக்கும் வந்துட்டேம்மா." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "நீங்களும் லோகாவும் கோயிலுக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு நெஞ்சு வலி வந்து இப்பத்தான் தேறியிருக்கீங்க, என்னைப் பார்த்தா தாங்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்குப் பயமாயிருச்சு. திரும்பிட்டேன். அப்புறம் ஒரு நாளு, பெலிம்பிங் டீச்சர் பாடம்னு ஒரு காணொளியை யாரோ அனுப்பியிருந்தாங்க. லோகா குரலு. இந்தக் குழுவுல இருந்தா அதையாச்சும் கேட்டுக்கிட்டு இருக்கலாமேன்னுதான்..."

"யாரு சொன்னா?" என்றார் நவமணி.

"என்னாம்மா?"

"நான் தாங்க மாட்டேன்னு யாரு சொன்னா?"

"விடுங்கம்மா. நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க."

"கேக்குறேன்ல."

அன்பரசியின் கட்டத்தில் மறுபடி சிவப்புக் கோடு விழுந்தது. அவள் சொல்லவும் தேவையில்லை. போன தீபாவளிக்கு முதல் நாள் லோகேஸ்வரிக்கு நன்றாக நினைவிருந்தது. பலகாரத்துக்கு எண்ணெய் வைக்குமுன் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கேஸ் கொண்டு வருகிறவனுக்காக ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அந்த ஒருவர் இதே கொட்டகையில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றார்.

அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஸ்பேனர் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

நவமணி நாற்காலியைத் திரையிலிருந்து வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. விருந்தாளியைக் கூப்பிடும் மரியாதைதான் இருந்தது.

"மாப்ள, அந்த வேலையை அப்புறம் பார்த்துக்கலாம். கொஞ்சம் உள்ள வாங்க."